கொள்கலன்களும் மெய்நிகர் இயந்திரங்களும்: பாதுகாப்பு ஒப்பீடு

மெய்நிகர் இயந்திரம், கொள்கலன் ஆகிய இரண்டும் ஒரே கணினியில் பல மென்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து இயக்கப் பயன்படும் முறைகள் ஆகும். மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு முழுக் கணினியையே மென்பொருளால் உருவாக்கிக் காட்டுவது. அதற்குள் தனி இயங்குதளம் இருக்கும். கொள்கலன் என்பது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்துக்குள் ஒரு மென்பொருளுக்கும் அதற்குத் தேவையான கோப்புகளுக்கும் தடுப்புச் சுவர் எழுப்பிக் கொடுப்பது. வங்கிச் செயலி, தேர்வு முடிவு இணையதளம், பள்ளிப் பாடநூலின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் திறக்கும் காணொளி என அன்றாடம் பயன்படுத்தும் சேவைகளில் பெரும்பாலானவை இவற்றுள் ஒன்றிலோ இரண்டிலுமோ இயங்குகின்றன.

இவற்றுள் எது பாதுகாப்பானது என்ற கேள்விக்கு, பொதுவாக மெய்நிகர் இயந்திரத்தின் சுவரே கெட்டியானது என்பது சரியான விடை. எனினும் அது முழு விடை ஆகாது. சுவர் எதனால் ஆனது, யாரிடமிருந்து காப்பதற்காக எழுப்பப்பட்டது, கதவைப் பூட்டியவர் யார் என்பனவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு முழுமை பெறும்.

அடிப்படைக் கருத்துகள்

இயங்குதளத்தின் மையப் பகுதி கருனி, அதாவது கெர்னல், எனப்படும். நினைவகத்தைப் பங்கிடுதல், கோப்புகளைப் படித்தல், வலையமைப்பில் தரவை அனுப்புதல் ஆகிய வேலைகளை எந்த நிரலும் தானாகச் செய்துவிட முடியாது. கருனியிடம் கேட்டே பெற வேண்டும். இவ்வாறு கேட்பது சிஸ்டம் கால் எனப்படும். கருனியைக் கைப்பற்றியவர் அந்தக் கணினி முழுவதையும் கைப்பற்றியவர் ஆவார்.

இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை வீடுகளைக் கொண்டு விளக்கலாம். மெய்நிகர் இயந்திரங்கள் ஒரே மனையில் கட்டப்பட்ட தனித்தனி வீடுகள் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையலறை, தனித் தண்ணீர்த் தொட்டி, தனி வாசல் உண்டு. கொள்கலன்கள் ஒண்டுக் குடித்தனம் போன்றவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அறை தனி, பூட்டும் தனி. ஆனால் கிணறும் முற்றமும் தலைவாசலும் பொது. கிணற்றில் யாரேனும் நஞ்சைக் கலந்தால் எல்லாக் குடும்பங்களுக்கும் கேடு. அந்தப் பொதுக் கிணறுதான் கருனி.

வரலாறு

மெய்நிகர் இயந்திரமே காலத்தால் முந்தியது. ஐபிஎம் நிறுவனம் 1967இல் சிபி-40 என்ற அமைப்பைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. விலை மிகுந்த ஒரே பெருங்கணினியைப் பலர் ஆளுக்கொரு கணினி போலப் பயன்படுத்த அது உதவியது. அதன் வழிவந்த விஎம்/370 என்ற இயங்குதளம் 1972இல் வெளியானது. எத்தகைய செயலியில் மெய்நிகராக்கம் சாத்தியம் என்பதற்கான விதிகளை ஜெரால்டு போபெக், இராபர்ட் கோல்டுபர்க் ஆகிய இருவரும் 1974இல் வகுத்தனர். தனிநபர் கணினிகளில் இது பரவியது விஎம்வேர் நிறுவனம் 1999இல் வெளியிட்ட மென்பொருளால் ஆகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான சென் என்ற திறந்த மூல மென்பொருள் 2003இல் வந்தது. 2005, 2006 ஆண்டுகளில் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் மெய்நிகராக்கத்துக்கான வசதியைச் செயலிக்குள்ளேயே சேர்த்தன. அதைப் பயன்படுத்தும் கேவிஎம் 2007இல் லினக்சு கருனியின் 2.6.20 பதிப்பில் இணைந்தது.

கொள்கலனின் வேர் 1979இல் வெளியான யூனிக்சு ஏழாம் பதிப்பில் உள்ளது. ஒரு நிரலுக்குக் கோப்புறைகளின் ஒரு பகுதியை மட்டுமே முழு உலகமாகக் காட்டும் சிரூட் என்ற வசதி அதில் இருந்தது. 2000இல் ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 'ஜெயில்' வசதி இதை வலுவாக்கியது. லினக்சில் 2002 முதல் பெயர்வெளிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. கூகுளில் பணியாற்றிய பால் மெனேஜ், ரோகித் சேத் ஆகியோர் 2006இல் தொடங்கிய பணி கட்டுப்பாட்டுக் குழுக்கள் என்ற பெயரில் 2008இல் கருனியில் இடம்பெற்றது. அதன் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியை உருவாக்கியதில் ஐபிஎம்மில் பணியாற்றிய பல்பீர் சிங்குக்கு முதன்மைப் பங்கு உண்டு. இவ்வசதிகளை எளிய கட்டளைகளுக்குள் அடக்கி, சாலமன் ஹைக்ஸ் 2013இல் டாக்கர் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய பிறகே கொள்கலன் உலகெங்கும் பரவியது. ஆயிரக்கணக்கான கொள்கலன்களை நிருவகிக்கும் குபர்நெட்டிசை 2014இல் கூகுள் வெளியிட்டது.

கொள்கலன் என்ற பெயர் சரக்குப் போக்குவரத்திலிருந்து எடுக்கப்பட்டது. உள்ளே எது இருந்தாலும் பெட்டியின் அளவு ஒன்றே. கப்பல், லாரி, இரயில் எதிலும் ஏற்றலாம். மென்பொருள் கொள்கலனின் முதல் நோக்கமும் இவ்வாறு எங்கும் ஏற்றி இறக்கும் வசதியே. பாதுகாப்பு அரண் என்ற பொறுப்பு பின்னர் அதன்மேல் ஏற்றப்பட்டது. பல குழப்பங்களுக்கு இதுவே காரணம்.

தடுப்புச் சுவர் அமையும் முறை

மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கி மேற்பார்வை செய்யும் மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படும். ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளும் தனிக் கருனி இயங்குகிறது. அந்தக் கருனி தன்னை முழுக் கணினியின் உரிமையாளராகவே கருதும். ஆயினும் உண்மையான நினைவகத்தின் எந்தப் பகுதியை அது தொடலாம் என்பதைச் செயலியின் வன்பொருளே தீர்மானித்துத் தடுக்கிறது. உள்ளே புகுந்த தாக்குநர் உள்கருனியைக் கைப்பற்றினாலும், வெளியே வர ஹைப்பர்வைசரிலோ அது உருவாக்கிக் காட்டும் வட்டு, வலையமைப்பு அட்டை போன்ற போலிக் கருவிகளிலோ ஓர் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கொள்கலனுக்கு அத்தகைய தனிக் கருனி இல்லை. அதன் சுவர் ஐந்து செங்கற்களால் ஆனது எனலாம்.

1. பெயர்வெளிகள்: கோப்புகள், இயங்கும் நிரல்களின் பட்டியல், வலையமைப்பு, பயனர் எண்கள் ஆகியவற்றில் எதைப் பார்க்கலாம் என்பதை வரையறுப்பவை.

2. கட்டுப்பாட்டுக் குழுக்கள்: செயலி நேரம், நினைவகம் ஆகியவற்றில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை வரையறுப்பவை. ஒரு கொள்கலன் எல்லா வளங்களையும் விழுங்கி மற்றவற்றை முடக்குவதை இவை தடுக்கின்றன.

3. திறன் பகிர்வு: ரூட் பயனரின் அதிகாரத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, தேவையானவற்றை மட்டும் கொடுப்பது. டாக்கர் இயல்பாக 14 திறன்களை மட்டும் விட்டுவைக்கிறது.

4. செக்காம்ப் வடிகட்டி: எந்தெந்த சிஸ்டம் கால்களை விடுக்கலாம் என்பதற்கான பட்டியல். டாக்கரின் இயல்புப் பட்டியல் 300க்கும் மேற்பட்ட அழைப்புகளில் ஏறத்தாழ 44ஐத் தடுக்கிறது.

5. கட்டாய அணுகல் கட்டுப்பாடு: எஸ்இலினக்சு, ஆப்பார்மர் போன்றவை. முந்தைய நான்கும் உடைந்தாலும் குறிப்பிட்ட கோப்புகளைத் தொடவிடாமல் தடுப்பவை.

இந்த ஐந்தையும் நடைமுறைப்படுத்துவது ஒரே பொதுக் கருனிதான். எனவே கருனியிலேயே ஓட்டை இருந்தால், கொள்கலனுக்குள் இருப்பவர் இவை அனைத்தையும் ஒரே தாவலில் தாண்டிவிட வாய்ப்பு உண்டு.

செய்து பார்த்து அறிதல்

லினக்சு நிறுவிய ஒரு மடிக்கணினி இருந்தால் மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கண்ணால் காணலாம். முதலில் ஒரு கொள்கலனைத் தொடங்கி, கருனியின் பதிப்பு எண்ணைக் காட்டும் கட்டளையை அதற்குள் இட வேண்டும். வெளியே கணினியில் இட்டால் வரும் அதே எண் வரும். உள்ளே உபுண்டு, வெளியே டெபியன் என்று இருந்தாலும் எண் மாறாது. அடுத்து வெர்ச்சுவல்பாக்சில் ஒரு மெய்நிகர் இயந்திரம் அமைத்து அதே கட்டளையை இட்டால், அதற்குள் நிறுவிய இயங்குதளத்தின் சொந்தக் கருனி எண்ணே வரும்.

இரண்டாவது சோதனை: கொள்கலனுக்குள் ஒரு நிரலை ஓடவிட்டு, வெளியே இயங்கும் நிரல்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். கொள்கலனுக்குள் ஓடும் நிரல் வெளிப் பட்டியலிலும் ஒரு சாதாரண நிரலாகத் தெரியும். மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுபவை வெளியே தனித்தனியாகத் தெரியா. மெய்நிகர் இயந்திரம் முழுவதும் ஒரே நிரலாக மட்டுமே தோன்றும். கொள்கலன் என்பது வேலியிடப்பட்ட நிரல் என்பதும், மெய்நிகர் இயந்திரம் என்பது தனிக் கணினி என்பதும் இதிலிருந்து விளங்கும்.

விண்டோசு, மேக் கணினிகளில் இச்சோதனை வேறு விதமாக அமையும். லினக்சுக் கொள்கலனுக்கு லினக்சுக் கருனி தேவை என்பதால், அக்கணினிகளில் டாக்கர் டெஸ்க்டாப் முதலில் ஒரு சிறு லினக்சு மெய்நிகர் இயந்திரத்தை அமைத்து, அதற்குள்தான் கொள்கலன்களை இயக்குகிறது.

தாக்குதல் பரப்பு

தாக்குநர் தொடக்கூடிய இடங்கள் மொத்தமாகத் தாக்குதல் பரப்பு எனப்படும். பரப்பு சிறியதானால் காவல் எளிது. லினக்சு கருனியின் மூலநிரல் 2020ஆம் ஆண்டிலேயே 2 கோடியே 70 லட்சம் வரிகளைக் கடந்துவிட்டது. அதில் பெரும்பகுதி வன்பொருள் இயக்கிகள் என்றாலும், கொள்கலனிலிருந்து எட்டக்கூடிய பகுதியும் பெரிது. மெய்நிகர் இயந்திரத்திலிருந்து எட்டக்கூடிய வாயில்கள் இதைவிடக் குறைவு.

ஆனால் ஹைப்பர்வைசரும் எப்போதும் சிறியதாக இருப்பதில்லை. கேவிஎம்முடன் பயன்படும் கியூஇஎம்யூ 10 லட்சம் வரிகளுக்கும் மேல் கொண்டது. பழைய நெகிழ்வட்டு இயக்கி முதல் ஒலி அட்டை வரை பலவற்றை அது போலச் செய்து காட்டுகிறது. அவற்றில் ஒன்றில் பிழை இருந்தாலும் சுவரில் ஓட்டை விழும்.

மேலும் ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளும் முழு இயங்குதளம் இருப்பதால், உள்ளே தேவையற்ற சேவைகள் பல ஓடக்கூடும். நன்கு அமைத்த கொள்கலனில் ஒரு நிரலும் அதற்கான சில கோப்புகளும் மட்டுமே இருக்கும். ஆக, உள்ளே நுழைவதைக் கடினமாக்குவதில் கொள்கலனும், நுழைந்தவர் வெளியே தாவுவதைக் கடினமாக்குவதில் மெய்நிகர் இயந்திரமும் சிறந்தவை என்று கொள்ளலாம்.

அறியப்பட்ட நிகழ்வுகள்

கொள்கலன் தொடர்பானவை

2019 பிப்ரவரியில் ரன்சி என்ற மென்பொருளில் ஓர் ஓட்டை வெளியானது. கொள்கலனைத் தொடங்கி வைப்பது இந்த ரன்சிதான்; டாக்கரும் குபர்நெட்டிசும் இதையே நம்பியிருந்தன. கொள்கலனுக்குள் ரூட் அதிகாரம் உள்ள தாக்குநர், வெளியே உள்ள ரன்சி கோப்பையே அழித்து எழுதி, வழங்கி முழுவதற்கும் ரூட் ஆகிவிட முடிந்தது. இதன் எண் சிவிஇ-2019-5736. பயனர் பெயர்வெளியை முறையாகப் பயன்படுத்தியவர்கள் இதிலிருந்து தப்பினர்.

இதன் தொடர்ச்சி 2021 செப்டம்பரில் தெரியவந்தது. மைக்ரோசாஃப்டின் அசூர் மேகச் சேவையில், ஒரு வாடிக்கையாளர் தம் கொள்கலனிலிருந்து வெளியேறி, மற்ற வாடிக்கையாளர்களின் கொள்கலன்களை இயக்கும் அதிகாரத்தைப் பெற முடியும் என்று பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் ஆய்வாளர்கள் காட்டினர். 'அசூர்ஸ்கேப்' என்று பெயரிடப்பட்ட இதன் முதல் படி 2019இல் வெளியான அதே ரன்சி ஓட்டைதான். அச்சேவையில் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு ரன்சி இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் பின்னர் அதைச் சரிசெய்தது.

2022 மார்ச்சில் வெளியான 'டர்ட்டி பைப்' கருனியிலேயே இருந்த பிழை. படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பில் எழுதுவதற்கு அது வழிவிட்டது. 2024 ஜனவரி இறுதியில் ரன்சியில் மற்றொரு ஓட்டை, சிவிஇ-2024-21626, வெளியாகி 1.1.12 பதிப்பில் அடைக்கப்பட்டது.

இவை மென்பொருள் பிழைகள். பூட்டாமல் விட்ட கதவுகளும் உண்டு. 2018 பிப்ரவரியில், டெஸ்லா நிறுவனத்தின் குபர்நெட்டிஸ் நிருவாகப் பக்கம் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததும், அதன்வழி நுழைந்தவர்கள் மறையீட்டு நாணயம் ஈட்ட அக்கணினிகளைப் பயன்படுத்தியதும் வெளிவந்தன.

மெய்நிகர் இயந்திரம் தொடர்பானவை

2015 மே மாதம் வெளியான 'வெனம்' என்ற ஓட்டை, கியூஇஎம்யூவின் நெகிழ்வட்டு இயக்கிப் பகுதியில் 2004 முதல் ஒளிந்திருந்தது. நெகிழ்வட்டே வழக்கொழிந்த பின்னும் அதைப் போலச் செய்யும் நிரல் இருந்துகொண்டிருந்தது. அதன்வழி மெய்நிகர் இயந்திரத்திலிருந்து வெளியே தாவ வாய்ப்பிருந்தது.

2023 பிப்ரவரியில் விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசர்கள்மீது பெரும் பணயத் தாக்குதல் நடந்தது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான வழங்கிகளின் மெய்நிகர் இயந்திரக் கோப்புகள் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்கப்பட்டது. பயன்படுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே திருத்தம் வந்திருந்தது. தாக்கியவர்கள் மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. இணையத்தில் திறந்திருந்த ஹைப்பர்வைசரை நேரடியாக அடைந்தார்கள். ஒரு ஹைப்பர்வைசர் வீழ்ந்தால் அதன்மேல் உள்ள எல்லா இயந்திரங்களும் வீழும் என்பதற்கு இது சான்று.

இரண்டுக்கும் பொதுவானவை

2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டௌன், ஸ்பெக்டர் ஆகியவை செயலியின் வடிவமைப்பிலேயே இருந்த குறைகள். மெல்ட்டௌன் கருனியின் நினைவகத்தைப் படிக்க வழிவிட்டதால், ஒரே கருனியைப் பகிரும் கொள்கலன்களுக்கு நேரடி ஆபத்தாக இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான ஃபோர்ஷேடோ குடும்ப ஓட்டைகளுள் ஒன்று மெய்நிகர் இயந்திரங்களின் எல்லையையும் தாண்டக்கூடியதாக இருந்தது. அடித்தளமாகிய செயலியே பழுதானால் அதன்மேல் எழுப்பிய இரு வகைச் சுவர்களும் ஆட்டம் காணும்.

படிமங்களும் புதுப்பித்தலும்

கொள்கலன் ஒரு படிமத்திலிருந்து தொடங்கப்படுகிறது. பிறர் உருவாக்கிய படிமங்கள் டாக்கர் ஹப் போன்ற பொதுக் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. வசதியும் ஆபத்தும் இதிலேயே உள்ளன. மறையீட்டு நாணய நிரல் ஒளித்துவைக்கப்பட்ட 17 படிமங்கள் 2018இல் டாக்கர் ஹப்பிலிருந்து நீக்கப்பட்டன. அதற்குள் அவை 50 லட்சம் முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருந்தன. இங்கே தாக்குநர் சுவரை உடைக்கவில்லை. பயனரே அவரை உள்ளே அழைத்து வந்தார்.

திருத்தம் செய்வதில் கொள்கலனுக்கு ஒரு நன்மை உண்டு. ஓடும் கொள்கலனைத் திருத்துவதில்லை. புதிய படிமம் உருவாக்கிப் பழையதை அகற்றிவிட்டு அதன் இடத்தில் வைப்பார்கள். சில நொடிகளில் முடியும். மெய்நிகர் இயந்திரங்களோ பல ஆண்டுகள் தொடர்ந்து ஓடக்கூடியவை. யாரோ எப்போதோ அமைத்து மறந்துபோன இயந்திரம் திருத்தமின்றி ஓடிக்கொண்டிருப்பது அலுவலகங்களில் புதிதன்று. அதேவேளை, பழைய படிமத்தை மாற்றாமல் மீண்டும் மீண்டும் தொடங்கினால், பழைய ஓட்டைகளும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும்.

இந்தியச் சூழல்

இந்திய அரசின் மேகக் கணிமைத் திட்டமான மேகராஜின் கீழ் தேசிய தகவலியல் மையம் 2014இல் தேசிய மேகத்தைத் தொடங்கியது. அரசுத் துறைகள் தனித்தனி வழங்கிகள் வாங்காமல் பொதுக் கட்டமைப்பைப் பகிர்வது இதன் நோக்கம். பகிர்வு என்று வரும்போதே, ஒரு துறையின் ஓட்டை மற்றொரு துறைக்குப் பரவாமல் தடுக்கும் சுவரின் தேவையும் வருகிறது.

தமிழ்நாட்டு மாணவர்கள் நேரடியாக அறிந்த எடுத்துக்காட்டு தீக்‌ஷா தளம். 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று தொடங்கப்பட்ட இது பாடநூல்களில் அச்சிடப்பட்ட கியூஆர் குறியீடுகள் வழியாகக் காணொளிகளையும் பயிற்சிகளையும் வழங்குகிறது. ஆசிரியர்களுக்கான பயிற்சிகளும் இதில் நடக்கின்றன. இதன் அடித்தளமான சன்பேர்டு திறந்த மூல மென்பொருள். அதன் கூறுகள் கொள்கலன்களாகத் தொகுக்கப்பட்டு, குபர்நெட்டிசில் நிறுவும் வகையில் வெளியிடப்படுகின்றன. பொது மேகங்களில் குபர்நெட்டிஸ் இயங்கும் கணினிகள் பெரும்பாலும் மெய்நிகர் இயந்திரங்களே என்பதால், இத்தகைய தளங்களில் கொள்கலன் சுவர் உள்ளேயும் மெய்நிகர் இயந்திரச் சுவர் வெளியேயும் ஆக இரட்டைக் காவல் அமைகிறது.

ஆயினும் 2023 ஜனவரியில் வயர்டு இதழ் வெளியிட்ட செய்தி வேறொன்றைக் காட்டியது. தீக்‌ஷா தரவு இருந்த ஒரு மேகச் சேமிப்பகம் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி அடங்கிய கோப்புகள் அதில் இருந்தன. இலட்சக்கணக்கான மாணவர்களின் பெயர், பள்ளி முதலிய விவரங்களும் வெளித் தெரிந்தன. இதழ் தொடர்புகொண்ட பின் சேமிப்பகம் மூடப்பட்டது. இதில் கொள்கலனையோ மெய்நிகர் இயந்திரத்தையோ யாரும் உடைக்கவில்லை. நிரல் இயங்கும் இடத்துக்கு எத்தனை சுவர் எழுப்பினாலும், தரவு வைத்திருக்கும் அறை திறந்திருந்தால் பயனில்லை. ஆசிரியர் ஒருவரின் கைபேசி எண் ஒருமுறை வெளியே போய்விட்டால், கடவுச்சொல்லைப் போல அதை எளிதில் மாற்றிக்கொள்ளவும் முடியாது.

சட்டமும் இதில் பொறுப்பை வரையறுக்கிறது. 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும் அது கூறுகிறது. சட்டம் தொழில்நுட்பத்தைப் பெயர் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை.

கணினி அவசரகால நடவடிக்கைக்கான இந்தியக் குழுவாகிய செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று சில நெறிமுறைகளை வெளியிட்டது. இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் காக்க வேண்டும். இங்கே கொள்கலனுக்கு ஒரு சிறப்புச் சிக்கல் உண்டு. கொள்கலன் சில நிமிடங்கள் மட்டும் வாழ்ந்து மறையக்கூடியது. அதை அகற்றும்போது அதனுள் எழுதிய பதிவுகளும் போய்விடும். எனவே பதிவுகளை அவ்வப்போது வெளியே ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாடு தேவை. மெய்நிகர் இயந்திரத்தில் வட்டு நிலைத்திருப்பதால், நடந்ததைப் பின்னர் ஆராய்வது எளிது.

இடைப்பட்ட தீர்வுகள்

கொள்கலனின் வேகமும் மெய்நிகர் இயந்திரத்தின் காவலும் ஒருங்கே வேண்டும் என்ற தேவையிலிருந்து சில முயற்சிகள் பிறந்தன.

கேட்டா கன்டெய்னர்ஸ் (2017): ஒவ்வொரு கொள்கலனையோ கொள்கலன் தொகுதியையோ தனிக் கருனி உள்ள ஓர் எடை குறைந்த மெய்நிகர் இயந்திரத்துக்குள் வைக்கிறது.

ஜிவைசர் (2018): கூகுள் வெளியிட்டது. கொள்கலனின் சிஸ்டம் கால்களை உண்மைக் கருனிக்கு நேரே விடாமல், கோ மொழியில் எழுதப்பட்ட ஓர் இடைக் கருனி வாங்கிக் கையாள்கிறது.

ஃபயர்கிராக்கர் (2018): அமேசான் வெளியிட்டது. ரஸ்ட் மொழியில் ஏறத்தாழ 50,000 வரிகளில் எழுதப்பட்டது. தேவையற்ற போலிக் கருவிகளை விட்டுவிட்டதால் பரப்பு சுருங்கியது. 125 மில்லிநொடியில் தொடங்கும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் 5 மெபிபைட்டுக்கும் குறைவான கூடுதல் நினைவகமே செலவாகும் என்பது அதன் வடிவமைப்பு இலக்கு.

கொள்கலன் இயக்கியையே ரூட் அதிகாரம் இல்லாமல் ஓட்டுவது மற்றொரு வழி. பாட்மேன் இதை ஆதரிக்கிறது. டாக்கரில் 2020 டிசம்பரில் வந்த 20.10 பதிப்பிலிருந்து இது முழுமையாக ஏற்கப்பட்டது. இம்முறையில் கொள்கலனிலிருந்து தப்பியவருக்கு வெளியே ஒரு சாதாரணப் பயனரின் அதிகாரமே கிடைக்கும்.

ஒப்பீட்டுச் சுருக்கம்

கருனி: மெய்நிகர் இயந்திரத்தில் தனி, கொள்கலனில் பொது.

சுவரைக் காப்பது: மெய்நிகர் இயந்திரத்தில் ஹைப்பர்வைசரும் செயலியின் வன்பொருளும், கொள்கலனில் பொதுக் கருனியின் வசதிகள்.

தப்பி வெளியேற: மெய்நிகர் இயந்திரத்தில் கடினம், ஆயினும் நடந்ததுண்டு, கொள்கலனில் ஒப்பீட்டளவில் எளிது. தவறான அமைப்பு இருந்தால் மிக எளிது.

உள்ளே இருக்கும் தேவையற்ற மென்பொருள்: மெய்நிகர் இயந்திரத்தில் மிகுதி, கொள்கலனில் குறைவாக வைக்க முடியும்.

தொடங்கும் நேரம்: மெய்நிகர் இயந்திரத்துக்குப் பொதுவாகப் பல நொடிகள் முதல் நிமிடங்கள், கொள்கலனுக்கு ஒரு நொடி அளவே.

திருத்தம்: மெய்நிகர் இயந்திரத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியே, கொள்கலனில் படிமத்தை மாற்றினால் போதும். ஆனால் பொதுக் கருனியைத் திருத்தும்போது அதைப் பகிரும் எல்லாக் கொள்கலன்களும் பாதிக்கப்படும்.

தடயம்: மெய்நிகர் இயந்திரத்தில் நிலைத்திருக்கும், கொள்கலனில் வெளியே சேமித்தால்தான் இருக்கும்.

பாதுகாப்பு நடைமுறைகள்

அமெரிக்கத் தேசியத் தர நிறுவனமாகிய நிஸ்ட் 2017 செப்டம்பரில் வெளியிட்ட 800-190 என்ற கையேடு கொள்கலன் பாதுகாப்புக்கு அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. நடைமுறையில் முதன்மையானவை வருமாறு.

- கொள்கலனுக்குள் நிரலை ரூட் பயனராக ஓட்டாமல் இருத்தல்.
- 'பிரிவிலெஜ்டு' என்ற முழு அதிகார நிலையைத் தவிர்த்தல். அந்நிலையில் மேற்கண்ட ஐந்து செங்கற்களில் பெரும்பாலானவை அகற்றப்பட்டுவிடும்.
- டாக்கர் இயக்கியின் சாக்கெட் கோப்பைக் கொள்கலனுக்குள் கொடுக்காமல் இருத்தல். அதைக் கொடுப்பது வீட்டின் சாவிக்கொத்தையே கொடுப்பதற்கு ஒப்பு.
- படிமங்களை நம்பகமான இடத்திலிருந்து மட்டும் எடுத்தல். அறியப்பட்ட ஓட்டைகள் உள்ளனவா என்று சோதித்தல்.
- கடவுச்சொற்களைப் படிமத்துக்குள் எழுதிவைக்காமல் இருத்தல். குபர்நெட்டிசின் 'சீக்ரெட்' வசதியும் இயல்புநிலையில் தரவைக் குறியாக்கம் செய்து சேமிப்பதில்லை. அதைத் தனியாக இயக்க வேண்டும்.
- வழங்கியின் கருனி, ரன்சி, ஹைப்பர்வைசர் ஆகியவற்றுக்கு வரும் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுதல்.
- ஹைப்பர்வைசர், குபர்நெட்டிஸ் ஆகியவற்றின் நிருவாகப் பக்கங்களை இணையத்தில் திறந்து வைக்காமல் இருத்தல்.
- மெய்நிகர் இயந்திரத்தில் பயன்படாத போலிக் கருவிகளையும் பகிர்வுக் கோப்புறைகளையும் நீக்குதல்.

எதைத் தேர்வது

உள்ளே ஓடப்போவது யாருடைய நிரல் என்பதே முதற்கேள்வி. ஒரே நிறுவனம் எழுதிய, ஒன்றையொன்று நம்பும் கூறுகளைப் பிரித்து ஓட்டக் கொள்கலன் போதும். ஒரு பள்ளியின் இணையதளமும் அதன் தரவுத்தளமும் இத்தகையவை. முன்பின் அறியாத பலரின் நிரல்களை ஒரே கணினியில் ஓட்ட வேண்டுமானால் கொள்கலன் மட்டும் போதாது. மாணவர்கள் அனுப்பும் நிரல்களை ஓட்டி மதிப்பெண் போடும் போட்டித் தளம், பல வாடிக்கையாளர்களுக்கு இடம் வாடகைக்கு விடும் மேகச் சேவை ஆகியவற்றுக்கு மெய்நிகர் இயந்திரமோ மேற்கூறிய இடைப்பட்ட தீர்வுகளோ தேவை.

சுவர் உடைந்தால் இழப்பது என்ன என்பது இரண்டாவது கேள்வி. மாணவர் விவரம், மருத்துவப் பதிவு, வங்கிக் கணக்கு போன்றவை இருக்குமானால் இரண்டு சுவர்களையும் சேர்த்தே எழுப்புவது பொருத்தம். அந்தச் சுவர்களை நாள்தோறும் கவனிக்க ஆள் உண்டா என்பது மூன்றாவது கேள்வி. மேலே கண்ட நிகழ்வுகளில் அசூர்ஸ்கேப்பில் திருத்தம் வந்தும் நிறுவப்படவில்லை. ஈஎஸ்எக்ஸ்ஐ தாக்குதலிலும் அவ்வாறே. டெஸ்லாவிலும் தீக்‌ஷாவிலும் பூட்டே போடப்படவில்லை. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் கொள்கலன், கவனிப்பாரற்ற மெய்நிகர் இயந்திரத்தைவிடப் பாதுகாப்பானது.